ஹாலில் கேட்ட குரல்

அம்மா இறந்த மறுவருடம் எழுமலையில் இருக்கும் அப்பா வீட்டு ஹாலில் கேமரா மாட்டினோம். அங்கே அப்பா மட்டும்தான். ஒருமுறை மயங்கி விழுந்து வெகுநேரம் கேட்பாரற்றுக் கிடந்திருக்கிறார். கேமரா இருந்தால் நாங்கள் இருக்கும் மதுரை கே.கே. நகரிலிருந்தே போனில் பார்க்கலாம், பேசலாம்.

ஒரு மத்தியானம் அப்பா என் அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

"தாயி, மாப்ள கேமராவுல பேசுனாரா?"

"இல்லையேப்பா. ஏன்?"

"ஒரு ஆம்பளக் குரல். 'என்ன பெருசு, இன்னைக்கு எண்ணெய் தேய்க்கலையா'ன்னு கேட்டான். கேட்டுட்டுச் சிரிக்கிறான்."

சாப்பிட்டதும் கோவணத்தோடு உட்கார்ந்து முழங்காலுக்கு எண்ணெய் தேய்ப்பாராம். அது எனக்கே தெரியாது.

ஒயரைப் பிடுங்கச் சொல்லிவிட்டு உடனே கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது கேமராவின் மேல் துண்டைப் போர்த்தி, வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வர மறுத்தார்.

கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"கேமராவோட வந்த பாஸ்வேர்டை நீங்க மாத்தியிருக்கணும் மேடம், இல்லேன்னா வெளியாளுங்க உள்ள வந்துடுவாங்க" என்றாள் ஒரு பெண்.

"மாத்தணும்னு உங்க ஆப் எங்கேயாவது சொல்லுச்சா?"

"புக்லெட்ல இருக்கு மேடம்."

அதே கேமரா வாங்கியிருந்த எங்கள் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவருக்கும் அதே பாஸ்வேர்டுதான் வந்திருந்தது. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி. மதுரை நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டேன்.

விசாரணைக்கு அப்பாவும் வந்தார். வராந்தாவில், கம்பெனி அனுப்பியிருந்த இளைஞனிடம் போய் நின்றார்.

"தம்பி, அவன் எம்புட்டு நாளா என்னையப் பாத்துக்கிட்டு இருந்தான்?"

அவன் தன் வக்கீலைப் பார்த்தான். "அந்த விவரமெல்லாம் எங்ககிட்ட இல்லைங்க ஐயா."

"நீங்க வித்த சாமானுதானப்பா?"



தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனி பாஸ்வேர்டு வைத்து விற்பது கம்பெனியின் பொறுப்பு, அதை வாங்கியவர் தலையில் கட்டக்கூடாது என்று எழுதியிருந்தார்கள். எனக்குத் திருப்தியாக இருந்தது. அப்பாவுக்குப் போன் செய்து படித்துக் காட்டினேன்.

"அந்தப் பய யாருன்னு போட்டுருக்கா?"

"இல்லப்பா. அது தெரியாது."

"சரி தாயி" என்று வைத்துவிட்டார்.

இப்போது அந்த ஹாலில் கேமரா இல்லை; காலையிலும் மாலையிலும் நான் போனில் கூப்பிடுகிறேன். எடுக்கத் தாமதமானால் எதிர்வீட்டு அத்தையைப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். அத்தை வெளியிலிருந்து குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போவார்.