செத்தவனாக நடந்த நடுப்பகல்

அந்த உலக்கையின் பூண் புத்தம் புதியது. கடலாடியில் கொல்லன் பட்டறையில் போட்டுக் கொடுத்த இரும்பு வளையம், வெயில் பட்டதும் கண்ணைக் கூச வைத்தது. அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிய கூலி விவசாயி ஒருவனைத்தான், துப்பாக்கியோடு வரும் கடத்தல்காரன் என்று நினைத்து ஏட்டையா சுட்டுவிட்டார். ஒரே குண்டு. எழுபதுகளின் நடுவில், கடலாடிக்கும் ஏர்வாடிக்கும் இடையில் புல்கூட முளைக்காத உவர்த்தரையில், உச்சிவெயிலில் நடந்தது அது.

நான் அப்போது வருவாய்த் துறையின் ஆர்.டி.ஓ. ஆபீசில் கிளார்க். போலீஸ் சுட்டு ஆள் செத்தால் எங்கள் அதிகாரி விசாரித்து அறிக்கை அனுப்ப வேண்டும். தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சுடுவதற்கு முன் ஏட்டையா எச்சரித்தாரா? கையைத் தூக்கி மூன்று முறை "நில்லு" என்று கத்தியதாகவும், அவன் நிற்காமல் வந்ததாகவும் ஏட்டையா எழுதிக் கொடுத்திருந்தார். கூட வந்த போலீஸ்காரர்கள் ஜீப்பருகில் தூரமாக நின்றவர்கள். ஏட்டையா சொன்னதையே அவர்களும் சொன்னார்கள். கத்தாமல் சுட்டிருந்தால் அவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியிருக்கும். எங்கள் அதிகாரியோ எதையும் செய்து பார்த்தால்தான் நம்புகிற மனிதர். அதே இடத்தில், அதே நேரத்தில், எல்லாவற்றையும் இன்னொரு முறை நடத்திப் பார்ப்போம் என்றார்.

உலக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்க ஊரில் ஒருவரும் முன்வரவில்லை. "உச்சி உருமத்துல செத்தவன் நடந்த தடத்துல எவன் சார் நடப்பான்?" என்று ஒரு பெரியவர் கையை விரித்துவிட்டார். செத்தவனின் உயரம் எனக்கு இருந்தது. "நீ போய்யா" என்று அதிகாரி என்னைக் கை காட்டினார். அரசாங்க உத்தியோகத்தில் செத்தவனாகவும் நடக்க வேண்டியிருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. புறப்படும்போது அவன் மனைவி ஒரு துண்டோடு வந்தாள். அழவில்லை. "இதையும் தலையில கட்டிக்கிருங்க சார். அவுக கட்டிக்கிட்டுத்தேன் வந்தாக," என்றாள். கட்டிக்கொண்டேன். அதில் இன்னும் வேர்வை வாடை இருந்தது.

சத்தம் கேட்டால் நிற்க வேண்டும், கேட்காவிட்டால் நடந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது எனக்கு உத்தரவு. அதிகாரி வெகுதூரத்தில் பனைமரத்தடியில் குடை பிடித்து நின்றார். எதிரே காலித் துப்பாக்கியோடு ஏட்டையா. கானல் அலையில் அவருக்கு முழங்காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. தரைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தார். முதலில் கத்தியதாக அவர் காட்டிய இடத்தில் சுண்ணாம்பு அடித்து வைத்த முதல் கல்லை நான் தாண்டியதும் அவர் கை உயர்ந்தது. சத்தம் இல்லை. நடந்தேன். மறுபடி உயர்ந்தது. கடற்காற்று காதில் இரைந்ததே தவிர வேறொன்றும் கேட்கவில்லை. அவன் விழுந்த இடத்தில் இரண்டாவது கல். அதையும் தாண்டினேன். நடப்பது நானா, அவனா என்று ஒரு கணம் உண்மையாகவே தெரியவில்லை.

பத்தடி தூரத்துக்கு வந்த பிறகுதான் அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. கை மேலே நிற்கிறது. வாய் திறந்திருக்கிறது. தொண்டை ஏறி இறங்குகிறது. அவ்வளவு பக்கத்திலும் சத்தம் மட்டும் இல்லை. பிறகு, மூச்சுவிடுவதைப் போல, "அன்னைக்கும் இப்படித்தேன் சார். கை தூக்குச்சு, வாய் தொறந்துச்சு, சத்தம் வரல. பயத்துல சுட்டுட்டேன்," என்றார்.

அதிகாரி குடையோடு வந்து சேர்ந்தார். "சத்தம் கேட்டுதாய்யா?"

"கேக்கலைங்க சார்."

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஏட்டையா தன் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்து நின்றார். அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போலீசைப் பகைத்துக்கொள்ளப் பயமாகவும் இருந்தது. "எச்சரித்தும் காற்றினால் கேட்கவில்லை. நல்லெண்ணத்தில் நேர்ந்த பிழை. வழக்குப் பதிய முகாந்திரம் இல்லை." அதிகாரி சொல்லச் சொல்ல என் கையால்தான் எழுதினேன். "அவுகளுக்குக் காது நல்லாக் கேக்குமே சார்," என்றாள் அவன் மனைவி. "காத்தும்மா," என்றார் அதிகாரி.

நான் ஓய்வு பெற்ற மறு வருடம் ஏட்டையா ராமநாதபுரத்தில் என் வீட்டைத் தேடி வந்தார். ஆள் பாதியாக வற்றிப்போயிருந்தார். "இன்னைக்குச் சம்மன் வரும், நாளைக்கு வரும்னு பாத்துக்கிட்டே இருந்தேன் சார். நீங்க சொல்லிருவீகன்னு நெனச்சேன்." எனக்குக் கோபம் வந்தது. நீர் சொல்லியிருக்கலாமே என்றேன். "ஆமா," என்றார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவரைத் திட்டும் யோக்கியதை எனக்கு இல்லை என்று புரிந்தது. செத்தவனின் மனைவியைப் பார்க்க இருவரும் பஸ் ஏறினோம். உவர்த்தரை முழுவதும் இப்போது சீமைக் கருவேலங்காடு. கற்கள் இருந்த இடத்தைப் பஸ்ஸிலிருந்து தேடிப் பார்த்தேன், பிடிபடவில்லை.

அவள் வாசலில் உட்கார்ந்து விறகை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஏட்டையா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நானும் என் பங்கைச் சொன்னேன். "எம்மேல கேசு குடும்மா. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்," என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை.

"அப்ப அவுகளை யாரும் நிக்கச் சொல்லவே இல்லையா?"

இல்லை என்றேன்.

"கூப்பிட்டும் நிக்காமப் போய்ச் செத்தீகளேன்னு இத்தனை வருசமா அவுகளைத்தேன் ஏசிக்கிட்டு இருந்தேன்," என்றாள்.

எழுந்து உள்ளே போய்விட்டாள். போவதா நிற்பதா என்று தெரியாமல் நாங்கள் வெயிலில் நின்றோம். சற்று நேரத்தில் உள்ளே அவள் யாரிடமோ தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. கொஞ்சம் பேசுவாள், பதிலுக்குக் காத்திருப்பதைப் போல நிறுத்துவாள், மறுபடி பேசுவாள். அந்த வீட்டில் அவளைத் தவிர வேறு யாரும் இல்லை.