சேம்பிளோடு நின்ற பாட்டு

செய்தி வந்தபோது நான் பேக்கிங் பிரிவில் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். நம் கட்டிங் மாஸ்டர் சின்னச்சாமி காலையில் மாரடைப்பில் போய்விட்டார் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை இனி என்ன செய்வது என்றுதான் முதலில் தோன்றியது. அடுத்து, அவர் குரல் முழுசாக எங்காவது இருக்கிறதா என்று.

அவருக்கு ஒரு குரல் இருந்ததே நம் பனியன் கம்பெனியில் பலருக்குத் தெரியாது. என் குரல் எல்லோருக்கும் தெரியும். பொங்கலூர் கோயில் நோம்பித் திருவிழாவில் வள்ளி கும்மி ஆட்டத்துக்கு நான் பாட்டெடுத்தால் அவிநாசிபாளையத்தில் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஒருமுறை டிரைவரே வந்து கை கொடுத்தார். எனக்குப் பின்பாட்டு சின்னச்சாமி. மெல்லிய குரல்.

மகள் கல்யாணமாகிச் சென்னை போனாள். அவள் அம்மாவும் பேரனைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டாள். வீட்டில் மிஞ்சியது நானும் மகளுடைய பழைய லேப்டாப்பும். அதில் எங்கள் பாட்டைப் பதிவு செய்தால் உலகமே கேட்கும் என்று மாஸ்டரை ஞாயிறுதோறும் வரவழைத்தேன். எனக்குக் கம்ப்யூட்டர் தண்ணிபட்ட பாடு. எட்டாவதோடு நிறுத்தியதால் மூளை தேயாமல் அப்படியே இருக்கிறது.

சினிமா ஸ்டுடியோவில் வைத்திருக்கும் சாஃப்ட்வேரையே முதலில் இறக்கினேன். ஒரு மாதம் இலவசம். திறந்தால் திரை முழுக்கத் திருகு குமிழ்கள்.

“ஏனுங்ணா, இதுல பாட்டை எங்க போடறது?”

“எல்லாத்தையும் அமுக்கிப் பாக்கோணும் மாஸ்டர்.”

“இருங்க. சேம்பிள் பாக்காம பல்க் வெட்டக்கூடாதுங்க.”

அதுதான் அவருக்கு வேதவாக்கு. மாதிரி பனியனுக்கு வெளிநாட்டு பையர் ஓகே சொல்லாமல் மொத்தத் துணியில் மிஷின் வைக்காத மனிதர். ஆகவே ஒவ்வொரு சாஃப்ட்வேரிலும் பாட்டின் முதல் நாலு வரி மட்டும். பிடித்துப்போனதில்தான் முழுப்பாட்டு என்று முடிவாயிற்று.

குமிழ் சாஃப்ட்வேரில் எதுவுமே விழவில்லை. எந்த மைக் என்று அது கேட்டிருக்கிறது, நாங்கள் பாட்டில் இருந்துவிட்டோம். அடுத்தது ஃபோனில் ஒரு ஆப். சுருதி பிசகினால் தானே திருத்தும். என் குரலில் அதற்கு வேலை இல்லாததால் மாஸ்டர் குரலைப் பிடித்துக்கொண்டது. கேட்டுவிட்டுச் சொன்னார்: “இது கொரலை அயர்ன் பண்ணீருதுங்ணா. சுருக்கம் போயி ஆளே தெரியலீங்க.”

கடைசியாக, வெளிறிப்போன முகத்தோடு ஒரு இலவச சாஃப்ட்வேர். கட்டிங் மேஜையில் துணியை அடுக்குவதுபோல அதில் ஆளுக்கொரு அடுக்கு. நான் பாடி முடித்தேன். அதை ஹெட்போனில் கேட்டபடி மாஸ்டர் தன் அடுக்கில் பாடினார். பிறகு என் அடுக்கின் சத்தத்தை அமுக்கிவிட்டுத் தன் குரலை மட்டும் கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார்.

“இத்தனை வருசமாப் பாடறனுங்க. இன்னைக்குத்தான் என் சத்தம் என் காதுல உழுகுது.”

“நான் கூடப் பாடுனா மைக்குக்கே மூச்சு முட்டும் மாஸ்டர். உங்களைச் சொல்லி என்ன?”

சிரித்தார். “சேம்பிள் ஓகேங்ணா. வார ஞாயித்துக்கெழமை பல்க் வெட்டீரலாம்.”

அந்த ஞாயிறு ஏற்றுமதி அவசரத்தில் கம்பெனி லீவு இல்லை. அடுத்தது அவருக்குச் சொந்தத்தில் கல்யாணம். அதற்கடுத்தது எனக்கு மேடை. நான் போகாவிட்டால் கும்மியே நடக்காது. அப்புறம் இந்தச் செய்தி.

காரியம் முடிந்து வந்து லேப்டாப்பைத் திறந்தேன். நாலு வரி இருக்கிறது. மூன்றாவது வரியில் மூச்சு வாங்குகிறார். பின்னால் ஃபேன் ஓடுகிறது. பாடி முடித்ததும், “சரியா வந்துச்சுங்களா?” என்று கேட்கிறார். என் அடுக்கும் இருக்கிறது. நானே சொல்லக்கூடாது, பிரமாதமாக வந்திருக்கிறது.

மகளுக்கு ஃபோனில் போட்டுக் காட்டினேன். “நீங்க பாடலீங்களாப்பா?” என்றாள். பாடியிருக்கிறேன். அமுக்கி வைத்திருக்கிறேன்.

மாஸ்டரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த நாலு வரியும் அந்தக் கேள்வியும்தான். ஞாயிறுதோறும் கேட்கிறார். “வந்துச்சுங்க மாஸ்டர்” என்கிறேன். அது எந்த அடுக்கிலும் விழுவதில்லை.