தலைவருக்குத் தெரியாது

தெருவில் அவனுக்குச் ‘சவுண்டு’ என்று பெயர். நாற்பது வயதாகிறது, சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். மைக் செட் வாடகைக்கு விடுவது தொழில். வேடிக்கை என்னவென்றால், ஆள் வாயைத் திறந்து நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச மாட்டான். “ஊருக்கெல்லாம் சத்தத்த வித்துட்டு வீட்டுக்கு வெறுங்கையோட வர்றான்” என்று அக்கா கேலி செய்வாள். பெண்டாட்டி பிள்ளை என்று எதுவும் அமையவில்லை. அக்கா வீட்டு மாடியறையில் ஆம்ப்ளிஃபையர்களுக்கு நடுவே படுத்துக்கொள்வான்.

துணிக்கடைத் திறப்பு, பள்ளி ஆண்டு விழா, இரங்கல் கூட்டம், தேர்தல் கூட்டம் எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். ஆனால் ஓட்டு விஷயத்தில் அவனுக்கென்று ஓர் அளவுகோல் இருந்தது. மைக்கைத் தட்டிப் பார்க்கிறவனுக்கும், ‘ஃபூ ஃபூ’ என்று ஊதுகிறவனுக்கும் அவன் ஓட்டு கிடையாது. அத்தான் விழுந்து விழுந்து சிரிப்பார். “நாட்ட ஆளப்போறவனப் பாருடான்னா இவன் மைக்கப் பிடிக்கிறவனப் பாக்குறான்!” அத்தான் ஐஸ் ஃபேக்டரியில் கொக்கியால் பாளம் இழுக்கிறவர். முதுகு வளைந்தே போன மனிதர். அவருடைய கணக்கு வேறு. “ஆளு நிமிந்து நிக்கணும்டா. எதுக்கும் வளையாதவனா இருக்கணும்.” இந்தத் தடவை அவருக்குப் பிடித்திருந்தவர் அப்படித்தான் நின்றார், நெட்டுக்குத்தாக, கையைக்கூட அதிகம் ஆட்டாமல். அக்கா எந்தக் கணக்கும் வைத்துக்கொள்ளவில்லை. அத்தான் யாருக்குப் போடுகிறாரோ அவருக்கு எதிராக ஒன்றைக் குத்திவிட்டு வருவாள். “ரெண்டு ஓட்டும் கழிஞ்சு போகுது, பேசாம வீட்டுலயே இருந்துடலாம்” என்பார் அத்தான். ஆனாலும் இருவரும் சேர்ந்தேதான் போவார்கள்.

தலைவர் தங்கள் ஊருக்கு வருகிறார் என்றதும் அத்தான் லீவு போட்டார். செட்டு சவுண்டுடையது. மேடைக்கு இடது பக்கம் பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கிய சாரத்தின் அடியில், கயிறு கட்டித் தடுத்த இடத்தில், மச்சான் என்ற உரிமையில் அத்தானை நிற்க வைத்தான். “இங்கேருந்து பாத்தா மூஞ்சி நல்லாத் தெரியும் அத்தான்.” மதியம் என்று சொன்ன கூட்டம். தலைவர் வரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. அதற்குள் மைதானம் பிதுங்கி வழிந்தது. அவர் மேடையேறியதும், பின்னாலிருந்தவர்கள் பார்க்க வேண்டுமென்று ஒரு தள்ளுத் தள்ளினார்கள். கயிறு அறுந்தது.

சவுண்டு அதைப் பார்க்கவில்லை. மேடையின் ஓரத்தில் தார்ப்பாய்க்கு அடியில், இரண்டு காதையும் மூடிய ஹெட்போனோடு, சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சர் முன்னால் உட்கார்ந்திருந்தான். இடது பக்கம் கூட்டம் கத்துவது லேசாகக் கேட்டது. கத்தல் என்றால் கோஷம். கோஷம் கூடினால் பேசுகிறவர் குரலை அதற்கு மேலே கொண்டுபோக வேண்டும். இருபது வருஷப் பழக்கம். கை தானாக ஏற்றியது. அப்போது உதவியாளர் ஒருவர் ஓடிவந்து தலைவரின் காதருகே குனிந்தார். தலைவர் மைக்கை உள்ளங்கையால் மூடினார். இப்படி மூடினால், கூட்டத்துக்குப் போகும் சத்தத்தை ஆபரேட்டர் உடனே அடைத்துவிட வேண்டும். ஆனால் தன் ஹெட்போனில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி எப்போது திறப்பது என்று தெரியாது. அவன் அடைத்தான். கேட்டான்.

“ஐயா, இடது பக்கம் ஜனங்க விழுந்து கிடக்காங்க. சில பேருக்கு மூச்சே இல்ல. ஒரு நிமிஷம் நிறுத்தி வழிவிடச் சொல்லுங்க.”

“நிறுத்துனா நாளைக்கு டிவியில அது மட்டும்தான் ஓடும். நீ போய்ப் பாரு. சத்தத்த ஏத்தச் சொல்லு.”

உதவியாளர் சவுண்டைப் பார்த்து உள்ளங்கையை மேல்நோக்கி ஆட்டினார். தலைவர் மைக்கிலிருந்து கையை எடுத்தார். சவுண்டு அடைத்ததைத் திறந்துவிட்டான். தலைவர் நிமிர்ந்து நின்று, விட்ட வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தார்.

அன்று ஏழு பேர் போனார்கள். சாரத்தின் கால்மாட்டில், செருப்புக் குவியலுக்கு நடுவே அத்தானும் கிடந்தார்.

மறுநாள் டிவியில் தலைவர் வந்தார். கண் சிவந்திருந்தது. “என் மக்கள் விழுந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அந்த நொடியே நிறுத்தியிருப்பேன்” என்றார். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்கு நடுவே அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பாவம், அவரு மட்டும் என்ன பண்ணுவாரு” என்றாள்.

ஆனால் எதிர்க்கட்சி விடவில்லை. தெரிந்தே நிறுத்தவில்லை என்று போஸ்டர் அடித்தது. விலைவாசி, வேலை, எல்லையில் நடக்கிற சண்டை எல்லாம் எங்கேயோ போய்விட்டன. தலைவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் தேர்தல் என்று ஆகிவிட்டது. டீக்கடையில் ஒரே ரகளை. தெரிந்தால் நிறுத்தியிருப்பார் என்றார் ஒருவர். இன்னொருவர் கண்ணாடித் தம்ளரை ‘டக்’கென்று வைத்துவிட்டு, “தெரிஞ்சே நிறுத்தாம இருந்தாத்தான்யா அவரு ஆம்பள. நாலு பேரு விழுந்ததுக்கெல்லாம் நின்னா நாட்ட எப்படி நடத்துறது?” என்றார். அதற்கும் தலையாட்ட ஆள் இருந்தது. சவுண்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

மேடையில் காதில் விழுந்ததை மேடையிலேயே விட்டுவிட்டு இறங்க வேண்டும் என்பது அவர்கள் தொழிலில் எழுதாத சட்டம். வெளியே சொன்னவனை அடுத்த கூட்டத்துக்கு எவனும் கூப்பிட மாட்டான். எத்தனையோ பெரிய மனிதர்களின் வசவும் குடும்பச் சண்டையும் அவன் காதோடு கிடந்தன. இதையும் அப்படியே போட்டு வைத்துவிடலாம் என்றுதான் இருந்தான், ‘ரெண்டு போன்’ வீட்டுக்கு வருகிறவரை.

ரெண்டு போன் என்பது அந்தப் பகுதிக் கட்சிக்காரர். ஒன்றில் பேசும்போது மற்றதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்று மரியாதைக்கு இரண்டையும் பைக்குள் போட்டுவிட்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“அக்கா, கடைசிக் கூட்டத்துல நீங்க மேடைக்கு வரணும். நாலே வார்த்தை. ‘என் வீட்டுக்காரர் போனது என் தலைவிதி. தலைவருக்குத் தெரியாது. என் ஓட்டு அவருக்குத்தான்.’ அழுகை வந்தா அழுங்க. வரலைன்னாலும் பரவாயில்ல, ஒண்ணும் கட்டாயம் இல்ல.”

“உண்மையச் சொல்றதுக்கு என்ன? வர்றேன்” என்றாள் அக்கா.

“உங்க ஆஸ்பத்திரிச் சலவை வேலைய நிரந்தரமாக்கித் தர்றது எங்க பொறுப்பு.”

“அதுக்காக வரலை தம்பி. வேணும்னே பண்ணலைன்னு தெரிஞ்சா எனக்கே கொஞ்சம் ஆறுது.”

சமையலறை வாசலில் நின்று சவுண்டு இதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அக்காவிடம் சொல்வதை இரண்டு நாள் தள்ளிப் போட்டான். மூன்றாம் நாள் பகலில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்குப் போய் நின்றான். பெரிய உருளைகளுக்கு நடுவிலிருந்து படுக்கை விரிப்புகள் சூடாக வெளியே வரும். ஒரு முனையை ஒருவரும் மறுமுனையை ஒருவரும் பிடித்து மடிக்க வேண்டும். அக்காவின் ஜோடிக்காரி அன்று வரவில்லை.

“என்னடா பட்டப்பகல்ல? கையில வேலை இல்லையா? அப்ப அந்த முனையப் பிடி.”

பிடித்தான். இருவரும் விரிப்பை இழுத்தார்கள், நெருங்கி வந்து முனைகளைச் சேர்த்தார்கள், விலகினார்கள்.

“அக்கா, தலைவருக்குத் தெரியும்.”

“எவன்டா சொன்னான்?”

“எவனும் சொல்லல. நான் கேட்டேன்.”

சொன்னான். அடைத்து அடைத்துத்தான் வந்தது. ஆனாலும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னான். உருளைச் சத்தத்தில் அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள்.

“நீ ஏத்துனியா?”

“அவரு சொல்றதுக்கு முன்னாடியே ஏத்திட்டேன்க்கா. கோஷம்னு நெனச்சேன்.”

அக்கா அடுத்த விரிப்பை எடுத்தாள். முனைகளைச் சேர்த்தபடி அவளே தலைவருக்காகப் பேச ஆரம்பித்தாள். “அவ்வளவு கூட்டத்துல திடீர்னு நிறுத்துனா இன்னும் கலவரமாயிடும்னு நெனச்சிருக்கலாம்டா. பெரிய இடத்துல இருக்குறவங்களுக்கு நம்மள மாதிரியா? ஆயிரம் யோசனை இருக்கும்.”

“இருக்கலாம்.” அவனும் பல தடவை அப்படி நினைத்துப் பார்த்தவன்தான்.

“பேசி முடிக்கிற வரைக்கும் எங்கேயுமே நிறுத்தலையா?”

பேச்சில் எங்கே இடைவெளி விழுந்தது என்று ஆபரேட்டரிடம் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லுவான். “ஒரு தடவ நிறுத்தினாரு.”

“பாத்தியா!” என்றாள் அக்கா. முகம் ஒரு கணம் தெளிந்தது.

“தண்ணி குடிக்க.”

விரிப்பு இருவருக்கும் நடுவே தொங்கியது.

“எப்போ?”

“அந்தாளு வந்து சொல்லிட்டுப் போனதுக்கு அப்புறம்தான். மெதுவாக் குடிச்சாரு. மூடியத் திருகி வச்சாரு. வாயத் துடைச்சிக்கிட்டாரு.”

“கூட்டம்?”

“கூட்டம் காத்துக்கிட்டு இருந்துச்சு. அமைதியா.”

“அமைதியா இருந்துச்சா? அப்படின்னா அவரு காதுல விழுந்திருக்குமேடா, இடது பக்கத்துல இருந்து.”

ஹெட்போனைத் தாண்டி அந்தக் கத்தல் அவன் காதிலும் விழுந்திருந்தது.

அக்கா விரிப்பை மடித்தாள். முனைகள் ஒட்டவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள். கடைசியில் அதை அடுக்கின்மேல் வைத்துவிட்டு, “நிமிந்து நிக்கிறாரு, நிமிந்து நிக்கிறாருன்னு உங்க அத்தான் உயிர விட்டாரு. குனிவாரான்னுல்ல பாத்திருக்கணும்” என்றாள்.

ரெண்டு போன் வந்தபோது உடம்பு சரியில்லை என்றாள். மாத்திரை வாங்கித் தருகிறேன் என்றார் அவர். மாத்திரைக்குக் கேட்கிற உடம்பு இல்லை என்றாள். அவர் இரண்டு போன்களையும் வெளியே எடுத்தார். “அப்ப அந்த ஆஸ்பத்திரி விஷயம்…” என்று இழுத்தார். “அது அப்படியே இருக்கட்டும்” என்றாள். போகிறபோது அவர் சவுண்டின் தோளைத் தட்டினார். “கடைசிக் கூட்டத்துக்கு செட்டு உன்னுதுதானே? ஒழுங்கா வந்து சேரு.” போகாவிட்டால் சந்தேகம் வரும் என்று அக்காவும் சொன்னாள்.

கடைசிக் கூட்டத்தில் வேறொருத்தி மேடையேறினாள். பழைய ரயில்வே குடியிருப்புக்காரி, மகனைப் பறிகொடுத்தவள். குள்ளமான பெண்; மைக் அவள் நெற்றிக்கு நேரே இருந்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. சவுண்டு மேடையேறி ஸ்டாண்டை இறக்கினான். அவள் காது அவன் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. “புண்ணியமாப் போகும்பா” என்றாள். அவன் ஸ்டாண்டின் திருகாணியை முறுக்கிவிட்டு இறங்கி வந்தான்.

“என் பிள்ளை விழுந்தது தலைவருக்குத் தெரியாது” என்று அவள் சொன்னபோது மைதானமே தேம்பியது. தலைவர் எழுந்து வந்து, நிமிர்ந்தபடியே, அவள் தலைமேல் கை வைத்தார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் வீட்டுக்கு வந்தான். தெருமுனையில் அவனே கட்டிய கூம்பு ஸ்பீக்கர் எல்லாவற்றையும் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டியிருந்தது. அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“நம்பித்தான் பேசுறா, இல்ல?”

“ஆமா.”

“மொதல்ல அவ குரலே வரலையே. நீ போய் மைக்க இறக்கினியா?”

“இறக்கினேன்.”

“அவ்வளவு கிட்டத்துல போயும் வாயத் திறக்கல.”

அக்கா எழுந்து செருப்பை மாட்டினாள். “நீ எனக்குச் சொன்ன மாதிரி அவளுக்கு யாராவது சொல்ல வேண்டாமா? அவ வீடு எங்கேன்னு காட்டு.”

“சொல்லி என்னக்கா ஆகப்போகுது? அவரு ஜெயிக்கத்தான் போறாரு.”

“ஜெயிக்கட்டும். இவ தெரிஞ்சு போடட்டும்.”

ரயில்வே குடியிருப்பில் அந்த வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டமில்லை. வாசல் நிறையச் செருப்பு. ரெண்டு போன் படியில் நின்று ஒரு போனில் பேசிக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் பேச்சை அப்படியே வெட்டினார். “அடடே, உடம்பு தேவலையா?” அவள் அவரைத் தாண்டி உள்ளே போனாள். அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் அடித்துப் போட்டாற்போன்ற அசதி, ஆனால் அசதிக்குள் ஓர் அமைதி. அன்றுதான் ஒரு வாய் சாப்பிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரி அக்காவின் காதில் சொன்னாள்.

அக்கா அவளருகே தரையில் உட்கார்ந்தாள்.

“உங்க வீட்டுக்காரரும் அன்னிக்குத்தானா அக்கா?” என்று அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “என் பிள்ளை கத்தியிருப்பானே, கேட்டும் கேக்காம விட்டுட்டாங்களேன்னு இத்தன நாளா வயிறு எரிஞ்சுது. யாருக்குமே கேக்கலையாம். தலைவருக்கே தெரியாதாமே.”

அறையில் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். வாசற்படியில் நின்ற சவுண்டும் பார்த்தான். அக்காவின் உதடு பிரிந்தது, மூடியது. அந்தப் பெண் அவள் கையை விடவில்லை.

“ஆமாம்மா” என்றாள் அக்கா. “தெரியாதுதான்.”