தேங்கிய நீரில் ஒரு முகம்

ஞாயிற்றுக்கிழமைகளில் கைப்பேசியோடு படம் எடுக்கக் கிளம்பிவிடுவேன். ஒரு வாரம் புக்கிட் பாத்தோக்கில் நாங்கள் குடியிருக்கும் புளோக்கைச் சுற்றியே; ஒரு வாரம் குவீன்ஸ்டவுனின் பழைய அடுக்குமாடிகள். அன்றைக்குச் சிராங்கூன் சாலை. காலை மழை விட்டிருந்தது. சந்து ஒன்றில் தண்ணீர் தேங்கி, எதிரே இருந்த கடைவீட்டின் பச்சை, மஞ்சள் சன்னல்கள் அதில் தலைகீழாகத் தெரிந்தன.

இந்த மாதிரிப் படத்துக்குக் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தண்ணீரைத் தொடும் அளவுக்கு இறக்க வேண்டும். குனிந்து பார்த்தேன், போதவில்லை. கடைசியில் நடைபாதையிலேயே குப்புறப் படுத்துக்கொண்டு, அடுத்தடுத்துப் படம் விழும்படி வைத்து அழுத்தினேன்.

“ஐயோ! தம்பி! தம்பி!”

வெயிலுக்கு விரித்த குடையும் காய்கறிப் பையுமாக எதிரே வந்த ஓர் அம்மா, பையைக் கீழே போட்டுவிட்டு என் பக்கம் குனிந்தார். அறுபது வயதிருக்கும். டீக்கடை வாசலில் நின்றிருந்த ஒருவர் ஓடிவந்து என்னைத் தூக்கி உட்கார வைத்தார்.

“மயக்கமா? சுகர் இருக்கா? ஆம்புலன்ஸ் கூப்பிடவா?” என்றார் அந்த அம்மா.

“ஒண்ணும் இல்லீங்கம்மா. ஃபோட்டோ எடுத்துக்கிட்டிருந்தேன்.”

“எதை?”

“தண்ணியை.”

தூக்கிவிட்டவர் சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார். அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“போன மாசம் எங்க புளோக் கீழே ஒருத்தர் இப்படித்தான் கிடந்தாரு. தூங்குறாருன்னு நினைச்சுப் போயிட்டேன் லா.”

சிதறிய கத்தரிக்காய்களைப் பொறுக்கிக் கொடுத்தேன்.

“அப்படி என்ன எடுத்தீங்க? காட்டுங்க.”

ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். முதலில் வெறும் சன்னல்கள். அப்புறம் குடையின் விளிம்பு. அப்புறம், நீருக்குள், அவருடைய முகம். வாய் திறந்து, நெற்றி சுருங்கி, யாரென்றே தெரியாத ஒருவனுக்காகப் பதறிக்கொண்டிருந்தது. அதுவரை நான் எடுத்த எதுவும் அதற்குப் பக்கத்தில் நிற்காது.

“ஐயே, இது வேணாம். பேய் மாதிரி இருக்கேன். அழிச்சிடுங்க.”

“நல்லா வந்திருக்குங்கம்மா.”

“உங்களுக்கு நல்லா இருக்கும். அழிங்க தம்பி.”

அவர் கண்முன்னே அழித்தேன். உடனே குடையை மடக்கி, முடியை ஒதுக்கிவிட்டு, சுவரோரம் விறைப்பாக நின்றார்.

“இப்ப எடுங்க. மகளுக்கு அனுப்பணும்.”

எடுத்து அவர் எண்ணுக்கு அனுப்பினேன். யார் எடுத்தாலும் அப்படித்தான் வந்திருக்கும். அவருக்குப் பிடித்திருந்தது.

அழித்த படங்கள் சில நாள் கைப்பேசியிலேயே இன்னோர் இடத்தில் கிடக்கும். அது அவருக்குத் தெரிந்திருக்காது. ரயிலில் உட்கார்ந்து அந்த முகத்தை இன்னொரு முறை பார்த்தேன். மீட்க ஒரு தொடுகை போதும். வைத்துக்கொண்டாலும் யாரிடமும் காட்ட முடியாது என்று தோன்றியது. புக்கிட் பாத்தோக் வருவதற்குள் அங்கிருந்தும் நீக்கிவிட்டேன்.