சாம்பல் திரையில் பச்சை

என் அக்கா ஒரு கார் பந்தய விளையாட்டுப் பைத்தியம். நாற்பத்து நான்கு வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காத ஆள் சொந்தத்தில் இல்லை. அவள் யாருக்கும் பதில் சொன்னதில்லை. செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை முடிந்து புக்கிட் பெலிம்பிங்கில் இருக்கும் வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டு, ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரில் கார் ஓட்டுவாள். போனஸைச் சேர்த்து வைத்து, போன வருடம் விலை உயர்ந்த கேமிங் மானிட்டர் ஒன்றை ஆன்லைனில் வாங்கினாள்.

அது வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் எனக்குப் போன் வந்தது. நான் ரவாங்கில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மற்ற நேரத்தில் மானிட்டர்களைப் பற்றித் தமிழில் வீடியோ போடுகிறேன். பார்ப்பவர்கள் கொஞ்சம்தான். ஆனால் சொந்தத்தில் எனக்கு எக்ஸ்பர்ட் என்று பெயர். அந்தத் தலைக்கனமும் எனக்கு நிறையவே இருந்தது.

"ஏழு நாளுக்குள்ள திருப்பிக் குடுக்கலாமாம்டா. நாளைக்கு ஆறாவது நாளு. வந்து பார்த்துட்டுப் போ லா" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை போனேன். திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு, டாக்டர் தோரணையில் உட்கார்ந்தேன். முழு வெள்ளையில் செத்த புள்ளி ஏதும் இருக்கிறதா, முழுக் கறுப்பில் ஓரங்களில் வெளிச்சம் கசிகிறதா, வேகமாக ஓடும் படம் இழுபடுகிறதா என்று பார்த்தேன். எல்லாம் சுத்தம். கடைசியாகத் திரை முழுக்க ஒரே சாம்பல் நிறத்தைப் போட்டேன்.

பின்னால் நின்ற அக்கா சொன்னாள்: "எடது பக்கம் லேசா பச்சை அடிக்குதுடா. வலது பக்கம் அப்படி இல்ல."

எனக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சாம்பல்தான் தெரிந்தது.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். இருபது வயதில் செரண்டாவில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போனேன். மருத்துவப் பரிசோதனையில், வண்ணப் புள்ளிகளுக்குள் எண்கள் ஒளிந்திருக்கும் புத்தகம் ஒன்றைக் காட்டினார்கள். பாதிப் பக்கங்களில் எனக்கு வெறும் புள்ளிகள்தான் தெரிந்தன. பச்சையையும் சிவப்பையும் பிரித்துப் பார்ப்பதில் என் கண்களுக்குக் குறை என்றார் டாக்டர். வேலை கிடைக்கவில்லை. ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள் என்று வீட்டில் சொன்னேன். வீடியோவுக்கு மட்டும், திரைமேல் வைத்தால் நிறத்தை அளந்து எண்ணாகச் சொல்லும் சின்னக் கருவி ஒன்றை வைத்திருக்கிறேன். அது சொல்வதைத்தான் நான் சொல்கிறேன். 'சிவப்பு அப்படியே சொட்டுது' என்று நான் பேசியதெல்லாம் இரவல் பேச்சு.

அன்று கருவியைக் கொண்டு போகவில்லை. நாளைக்குக் கொண்டு வந்து அளந்து பார்க்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னும் ஒரு நாள் இருந்தது. அக்கா சொன்ன அந்த நொடியிலேயே அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும் என்று என் நெஞ்சுக்குத் தெரிந்தது. மாமா, அதாவது அக்காவின் கணவர், சோபாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன்.

"அக்கா, இது மில்லுல பழம் பார்க்கிற மாதிரி இல்ல. இதுக்குப் பழகின கண்ணு வேணும்."

மாமாவும் சேர்ந்து சிரித்தார். "கேட்டுக்க. எக்ஸ்பர்ட்டே சொல்லிட்டாரு."

அக்கா கண்ணைச் சுருக்கி இன்னொரு தடவை திரையைப் பார்த்தாள். "நீ சொன்னா சரிதான்" என்று சோறு போடப் போய்விட்டாள்.

ஆலையில் அவள் வேலை என்னவென்றால், லோரியிலிருந்து கொட்டும் செம்பனைக் குலைகளை நிறம் பார்த்துப் பழம், காய் என்று பிரிப்பது. பதினைந்து வருடமாக அதைத்தான் செய்கிறாள். அவளிடம் போய்ப் பழகின கண் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்கு முகம் சுடுகிறது.

இரண்டு மாதம் கழித்து மறுபடியும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இந்த முறை கருவியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அக்கா சமையலறையில் இருக்கும்போது இடது பக்கமும் வலது பக்கமும் வைத்து அளந்தேன். வீடியோ பார்க்கும் யாராவது இந்த எண்களை அனுப்பியிருந்தால், உடனே திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லியிருப்பேன். கருவியைப் பைக்குள் ஒளித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் போலச் சாப்பிட உட்கார்ந்தேன். வாயைத் திறக்கும் எண்ணம் எனக்கு இல்லை.

மாமாதான் பேச்செடுத்தார். "உங்க அக்கா இப்பப் பழம் பார்க்கிறதில்ல மச்சான். லோரி எடை போடுற ரூமுக்கு மாத்திக் கேட்டு வாங்கிட்டா."

"ஏன்க்கா, வெயில் தாங்கலயா?"

"அதெல்லாம் இல்லடா." அக்கா ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள். "அந்தப் பச்சை எனக்கு இன்னமும் தெரியுது. இல்லாதது தெரியுதுன்னா என் கண்ணுல ஏதோ கோளாறு. அந்தக் கண்ண வச்சிக்கிட்டு அடுத்தவங்க பழத்தக் காயின்னு எப்படி ஒதுக்குறது? பாவம் லா."

அப்போதும் மாமா கை கழுவ எழுந்து போகும்வரை காத்திருந்தேன். அவர் பின்கட்டுக்குப் போனதும், "அக்கா, பச்சை இருக்கு. உன் கண்ணு நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் தெரியாது" என்றேன். புத்தகம், தொழிற்சாலை, கருவி என்று எல்லாவற்றையும் அவசர அவசரமாகக் கொட்டினேன்.

"எப்பலேர்ந்து?"

"இருபது வயசுலேர்ந்து."

அவள் கரண்டியைச் சட்டியில் வைத்தாள். மானிட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"தெரியலன்னு சொல்லியிருந்தா நான் ஒண்ணும் நெனச்சிருக்க மாட்டேன்டா. அன்னிக்கு ஏன் சிரிச்ச?"

அதற்குள் மாமா கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிட்டார். அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

"நாளையிலேர்ந்து மறுபடியும் பழம் பார்க்கப் போறேங்க."

"கண்ணு என்னாச்சு?"

"சரியாயிடுச்சு" என்றாள் அக்கா, என் பக்கம் பார்க்காமல்.

மாமாவுக்கு ஒரே சந்தோஷம். என் தோளைத் தட்டினார். "பார்த்தீங்களா மச்சான்? நீங்க அன்னிக்குச் சொன்னதுதான் சரி. திரையில ஒண்ணும் இல்ல, இவ கண்ணுலதான் கோளாறு."

நான் தலையாட்டினேன்.