வேணி பார்த்த நூடுல்ஸ் மியூசியம்

வேணிக்கு எதையும் குறைத்துக் கொடுக்கத் தெரியாது. கல்யாணமாகி ஆண்டிமடம் பக்கம் வந்த புதிதில், பக்கத்து வீட்டுக்கு ஒரு உழக்கு உளுந்து கைமாற்றாகக் கொடுக்கச் சொன்னால், உழக்கைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவாள். உளுந்து உள்ளே இறங்கியதும் இன்னும் கொஞ்சம் போட்டு, மேலே கோபுரம் கட்டித்தான் நீட்டுவாள். மாமியார் முகம் சுளித்தால், "எங்க செந்துறைப் பக்கம் இப்பிடித்தான் அளப்பாங்க. தளர்வா அளந்து குடுத்தா ஏமாத்துறதா அர்த்தம்" என்பாள். இந்த நல்ல பழக்கமே ஒருநாள் தன் காலை வாரும் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள்.

அவளுடைய நாத்தனார் பூங்குழலி அந்த வீட்டில் முதல் பட்டதாரி. வேதியியல் படித்துவிட்டு, இரண்டு வருஷமாக அரசுத் தேர்வுகளை எழுதிக்கொண்டிருந்தாள். முடிவு வரும் நாளில் எல்லாரும் அவள் முகத்தைப் பார்ப்பார்கள். வேணி மட்டும் பார்க்க மாட்டாள். "அடுத்ததுக்கு எப்ப குழலி அப்ளிகேஷன்?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். அதற்காகவே குழலிக்கு அண்ணியைப் பிடிக்கும்.

வேணி பத்தாவதோடு நின்றவள். ஒன்பது வருஷம் முந்திரிக்கொட்டை உடைத்தவள். கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டுப்பட்டு அவள் விரல் நுனிகள் கருத்து, தோல் உரிந்துபோயிருந்தன. புருஷன் தமிழழகன் வெல்டராக ஜப்பான் போன பிறகு, சாயங்காலமானால் நூடுல்ஸ் கேட்டு அடம்பிடிக்கும் தெருப் பிள்ளைகளைப் பார்த்து அவளுக்கு ஒரு யோசனை வந்தது. நம் ஊர் வரகில் இதைச் செய்தால் என்ன? கூட உடைத்த ஆறு பெண்களைச் சேர்த்தாள். பழைய முந்திரிக் கொட்டகையைக் கழுவி வெள்ளையடித்து, பிழியும் மெஷின் ஒன்றை வாங்கிப் போட்டாள். வரகு மாவோடு கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்துப் பிழிந்து, ஆவியில் வேகவைத்து, தட்டுகளில் காயவைத்தார்கள். வாசனையும் நிறமும் நன்றாகவே வந்தன. வெந்தால்தான் வம்பு.

பெரம்பலூரில் சிறுதானியக் கடை வைத்திருக்கும் நல்லுசாமி இரண்டு தடவை மாதிரி வாங்கிச் சமைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு தடவையும் திருப்பி அனுப்பினார்.

"ஓரமெல்லாம் கஞ்சி, நடுவுல கயிறு. இது ரெண்டு சாப்பாடும்மா. ஒரே பாக்கெட்டுல போட்டு விக்க முடியாது. இன்னும் ஒரு தடவ கொண்டாங்க. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

அவரை விட்டால் வேறு கடையில்லை. மூன்று பெண்கள் அடுத்த மாதம் முந்திரி உடைக்கவே போவதாகச் சொல்லிவிட்டார்கள். மூன்றாவது மாதிரிக்கு நல்லுசாமி கொடுத்த கெடு புதன்கிழமை.

"ஏன் குழலி இப்பிடி ஆவுது?" என்று வேணி கேட்டபோது குழலியால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்று வருஷம் படித்ததில் ஒரு கவளம் நூடுல்ஸுக்கு விடை இல்லையா என்று அவளுக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்குப் பரீட்சைப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு போனில் தேடிக்கொண்டே இருந்தாள். அப்படித் தேடியதில்தான் அது கிடைத்தது. ஒசாகா பக்கத்தில் நூடுல்ஸுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறதாம். அண்ணன் வேலை செய்யும் இடத்திலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குக் கொட்டகையில் எல்லாரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அங்கே மதியம் ஒரு மணி. திரையில் தமிழழகனின் மூக்கும் அதற்குப் பின்னால் ஒரு கூட்டமும் தெரிந்தன.

"ஏங்க, சாப்டீங்களா?"

"மியூசியத்துக்கு வந்திருக்கேன்டி. வந்ததும் வராததுமா சாப்பாடா?"

"அண்ணே, கேமராவத் திருப்பு. ஒன் மூக்கப் பாக்கவா கூப்ட்டோம்?" என்றாள் குழலி.

கேமரா திரும்பியது. சுவர் முழுக்க, கூரை வரைக்கும், கலர் கலராக நூடுல்ஸ் பாக்கெட்டுகளும் கப்புகளும். குழுவில் மூத்தவளான கிருஷ்ணம்மாள் திரைக்கு மிக அருகில் போய்ப் பார்த்தாள்.

"ஏந்தம்பி, செலை கிலை ஒண்ணும் இல்லியா?"

"இல்ல அத்த. செவுரு பூரா இதான்."

"தின்னுட்டுத் தூக்கிப் போடுற கவரையா காட்சிக்கு வச்சிருக்கான்? எங்க வூட்டுக் குப்பைமேட்டுல இதவிட ரகம் ரகமாக் கெடக்கு. அதையும் வந்து பாக்கச் சொல்லு."

பெண்கள் சிரித்ததில் தமிழழகன் சொன்ன எதுவும் கேட்கவில்லை. வேணி சிரிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து வந்தது ஒரு சின்ன மரக் கொட்டகை. முதன்முதலில் இந்தப் பாக்கெட் நூடுல்ஸைக் கண்டுபிடித்தவர் வேலை செய்த இடத்தை அப்படியே கட்டி வைத்திருந்தார்கள். ஒரு வாணலி, மேசை, சல்லடை, கொஞ்சம் பாத்திரங்கள். பெரிய மெஷின் எதுவும் கண்ணில் படவில்லை. பக்கத்திலிருந்த ஆங்கிலப் பலகையைக் குழலி நிறுத்தி நிறுத்திப் படித்துத் தமிழில் சொன்னாள்.

"ஒரு வருஷம் இதே கொட்டகையில செஞ்சு செஞ்சு பாத்திருக்காரு அண்ணி. திரும்பத் திரும்பத் தப்பாத்தான் போயிருக்கு."

"ஒரு வருஷமா?"

"ஆமா."

"நமக்கு ஏழு மாசந்தானே ஆவுது" என்றாள் வேணி. அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் முந்திரி உடைக்கப் போவதாகச் சொன்ன மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதைக் குழலி கவனித்தாள்.

தமிழழகன் நடந்துகொண்டே போனான். பிள்ளைகள் காலிக் கப்புகளில் படம் வரையும் இடம் வந்தது. அவனுக்கும் ஒரு கப் கொடுத்தார்கள். என்ன வரைவதென்று தெரியாமல் அவசரமாக ஒரு முந்திரிப் பழம் போட்டான். அது கத்தரிக்காய் மாதிரி இருந்தது. அதைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது கண்ணாடிக்குள் ஏதோ ஒன்று திரையைக் கடந்து போயிற்று.

"நில்லுங்க!" என்று வேணி கத்தினாள். "பின்னால போங்க. இன்னும் பின்னால. அதான்."

ஒரு கப்பை நெடுக்காகப் பாதியாக வெட்டி வைத்திருந்தார்கள். உள்ளே நூடுல்ஸ் அடியைத் தொடவில்லை. நடுவில், அந்தரத்தில் சிக்கிக்கொண்டு நின்றது. கீழே வெறும் இடம்.

"அது ஏன் அடியத் தொடாம நிக்குது? குழலி, என்ன எழுதியிருக்கான், படி."

குழலி எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தாள். "சுடுதண்ணி அடியில பூந்து எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வேகணும்னு அப்பிடி வச்சிருக்காங்க. கீழ்ப்பக்கம் நூல் நெருக்கமில்லாம தளர்வா இருக்குமாம்."

"அப்ப அடியில பூரா காத்து" என்றாள் கிருஷ்ணம்மாள். "காத்த அடைச்சுல்ல வித்திருக்கான், கெட்டிக்காரன்."

வேணி எழுந்துபோய்க் காய்ந்த தட்டிலிருந்து தங்கள் நூடுல்ஸ் ஒன்றை எடுத்து வந்தாள். பிழிந்து விழுந்ததும் உள்ளங்கையால் அழுத்தி, இன்னும் கொஞ்சம் வைத்து, மறுபடி அழுத்தி, செங்கல் மாதிரி கட்டிய கட்டு அது. குழு முழுவதற்கும் அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். வாங்குகிறவர்களுக்குக் கை நிறைய இருக்க வேண்டுமே! அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். ஊசிமுனை அளவுக்கு வெளிச்சம்கூட ஊடே வரவில்லை.

"தண்ணி எப்பிடிப் போவும்?" என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

தமிழழகன் இன்னும் திரையில் நின்றுகொண்டிருந்தான். "வேணி, கட் பண்ணவா? பசிக்குது."

"போய் மொதல்ல சாப்புடுங்க. நல்லாருப்பீங்க" என்றாள். கொட்டகையில் மறுபடி சிரிப்பு.

விடை தெரிந்த பிறகுதான் வேணிக்குச் சங்கடம் பிடித்துக்கொண்டது. "தளர்த்தி விட்டா பாக்கெட்டு வீங்கித் தெரியும். தெறந்து பாத்தா பாதிக்குக் காத்து. ஏமாத்திட்டாங்கன்னுதானே நெனப்பாங்க?"

"எடை அதேதான் அண்ணி. ஒரு கிராம்கூடக் கொறையாது."

"எடை தராசுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியுமா?"

 எப்படிச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று குழலிக்குத் தெரிந்திருந்தது. கல்லூரி ஆய்வகத்தில் அவள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான் என்று நினைத்திருந்தாள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். மாவு, தண்ணீர், காய்கிற நேரம் எல்லாம் அப்படியே இருக்கட்டும், அழுத்தத்தை மட்டும் மாற்றுவோம் என்றாள். ஆறு கட்டு, ஒரே எடை. தட்டின் விளிம்பில் சுண்ணாம்புக்கட்டியால் எண் போட்டாள்.

எண் சரியாக இருந்தது. வேணியின் கைதான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. தளர்வாக விட வேண்டிய கட்டின்மேல் உள்ளங்கை தானாகப் போய் ஒரு அமுக்கு அமுக்கியது.

"அண்ணி!"

"ஐயோ, கை போயிடுது குழலி."

கடைசியில் வலது கையை முந்தானையால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இடது கையால் தட்டைப் பிடித்தாள். கிருஷ்ணம்மாள் மெஷினைச் சுற்றினாள். "கட்டிப்போட்டு வேல வாங்குறாளே நாத்தனாக்காரி" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள்.

மறுநாள் மாலை காய்ந்தவற்றை வேகவைத்தார்கள். குழலி போனில் நேரம் பார்த்தாள். அழுத்தியவை வழக்கம்போலக் கஞ்சியும் கயிறுமாகப் போயின. தளர்த்தி விட்டவை சீராக வெந்தன. ஆனால் தட்டிலிருந்து எடுக்கும்போதே நொறுங்கியிருந்தன.  வேணி ஒரு சின்ன எவர்சில்வர் டம்ளரைத் தட்டின் நடுவில் கவிழ்த்து வைத்து, புதிதாகப் பிழியும் நூல் அதைச் சுற்றி விழும்படி தட்டைத் திருப்பச் சொன்னாள். டம்ளரை மெல்ல உருவியதும் நடுவில் குழியோடு ஒரு வளையம் நின்றது. சுற்றிச் சுற்றி விழுந்த நூல் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தது. இதை எந்தப் பலகையிலும் குழலி படிக்கவில்லை. அண்ணிக்கு இது எங்கிருந்து வந்தது என்று அவள் வியந்தாள். கேட்கவில்லை. கேட்டால் "சும்மா தோணுச்சு" என்றுதான் வரும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் காய்ந்த வளையத்தை எடுத்தபோது நொறுங்கவில்லை. வெந்தபோது கஞ்சியும் இல்லை, கயிறும் இல்லை. கிருஷ்ணம்மாள் கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டு, மறுபடி நீட்டினாள்.

புதன்கிழமை அரியலூரில் பஸ் மாறி, இருவரும் பெரம்பலூர் போய்ச் சேர்ந்தார்கள். மடியில் இருந்த பையை வேணி வழியெல்லாம் கையால் தொடவேயில்லை. விரல்களை ஒன்றோடொன்று கோத்து வைத்திருந்தாள்.

நல்லுசாமி பாக்கெட்டை வாங்கிக் காதருகே வைத்து ஆட்டினார். "என்னம்மா, போன தடவ செங்கல்லு. இந்தத் தடவ பாதிக்குக் காத்தா இருக்கே."

வேணியின் முகம் சிவந்தது. "தராசுல வைங்க."

வைத்தார். சரியான எடை. பின்கட்டுக்குப் போய்த் தண்ணீர் வைத்தார். கொதித்ததும் வளையத்தைப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஐந்து நிமிஷம் கழித்து வடித்து, உப்பும் மிளகும் தூவி, நின்ற இடத்திலேயே ஒரு வாய் சாப்பிட்டார். நடுப்பகுதியைக் கரண்டியால் கிளறி எடுத்து இன்னொரு வாய். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மிச்சத்தையும் முடித்தார். குழலிக்கு மூச்சு வந்தது.

"அடுத்த புதன் இருநூறு பாக்கெட் கொண்டாங்க" என்றார்.

"இருநூறு முடியாதுங்க" என்றாள் வேணி. "இப்ப ஒவ்வொண்ணும் எடத்த அடைச்சுக்குது. எங்ககிட்ட இருக்கிற தட்டுல வாரத்துக்கு அறுபதுதான் காயும்."

குழலி அவள் காலை மிதித்தாள். வேணி நகரவில்லை.

"இருநூறுன்னு சொல்லிட்டுப் போவலாம்ங்க. அப்பறம் அவசரத்துல காயாம பச்சையா கொண்டாந்து குடுக்கணும். அறுபதுன்னா அறுபதும் இதே மாதிரி இருக்கும்."

நல்லுசாமி காலிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அப்புறம் காதில் செருகியிருந்த பேனாவை எடுத்தார்.

"சரி, அறுபது. எந்த பஸ்ல வருவீங்க? சொல்லுங்க, கடைய அடைக்காம இருக்கேன்."