ஓட்டல் அத்தியாயம்

மோதிரங்களைக் கழற்றி கிரீம் டப்பாவின் மூடியில் போட்டுவிட்டுத்தான் லெட்டிஸ் பேனாவைத் தொடுவாள். காலை பத்து மணிக்குக் கண்ணாடி முன் உட்கார்ந்து எழுதுவாள். பணிப்பெண் பிம் பின்னால் நின்று தலை வாருவாள். ஒரு பக்கம் முடிந்ததும் லெட்டிஸ் உரக்கப் படிப்பாள். பிடித்திருந்தால் பிம்மின் சீப்பு ஓடும். பிடிக்காவிட்டால் நின்றுவிடும்.

லெட்டிஸ் எழுதுவது தன் கல்யாணம் உடைந்த கதை என்பது லண்டனின் மேஃபேர் வட்டாரம் முழுக்கத் தெரியும். பெயர்களை மட்டும்தான் மாற்றியிருந்தாள். விருந்துகளில், "நான் அதுல வர்றேனா, லெட்டிஸ்? வராட்டி கோவிச்சுக்குவேன்" என்பார்கள். அவள் கன்னம் குழியச் சிரிப்பாள்.

அன்று ஓட்டல் அத்தியாயத்தைப் படித்தாள். கணவன் வேறொருத்தியோடு கடற்கரை ஓட்டலுக்குப் போகிறான். மனைவி வீட்டில் கிடந்து அழுகிறாள். சீப்பு நின்றது.

"ஐயாவோட பெட்டிய நான்தானேம்மா அடுக்கினேன்? பழைய பைஜாமா வேணாம், புதுப் பட்டு வைன்னு நீங்கதானே சொன்னீங்க? காலையில டீ கொண்டுவர்ற பொண்ணு கண்ணுல படணும்னு?"

லெட்டிஸின் காது சிவந்தது. "இது கதை, பிம்."

"கதைன்னா ஐயாவ நல்லவராவே வச்சிருக்கலாமே."

மனம் வேறொருவனிடம் போனது லெட்டிஸுக்குத்தான். அந்நாள் சட்டப்படி விவாகரத்து வேண்டுமானால் இருவரில் ஒருவர் கெட்டுப்போனதாகக் கோர்ட்டில் காட்டவேண்டும். பெண்ணின் பெயர் கெட விடுவது கனவானுக்கு அழகில்லை. அதனால் அவள் கணவன் ஹியூகோ ஒருத்தியைக் கூலிக்கு அழைத்துப்போய், இரவெல்லாம் கோட்டைக் கழற்றாமல் சீட்டாடினான். விடிந்ததும் பைஜாமாவை மாட்டிக்கொண்டு, டீயோடு வரப்போகும் சாட்சிக்காகக் காத்திருந்தான். லெட்டிஸைக் கட்டிக்கொள்ள வருவதாகச் சொன்ன அந்த வேறொருவன் வரவேயில்லை.

கையெழுத்துப் பிரதி மறுநாள் பதிப்பாளரிடம் போகவேண்டும். வேறு நகல் இல்லை. அன்று மாலை, பிரிந்த பிறகும் விடாத வழக்கப்படி, ஹியூகோ டீக்கு வந்தான்.

"எனக்குக் கல்யாணம், லெட்டிஸ். பொண்ணோட அப்பா கர்னல். ஓட்டல் சமாச்சாரம் வெறும் ஏற்பாடுதான்னு சொல்லியிருக்கேன். மனுஷன் பாதிதான் நம்பியிருக்கார்."

அவள் கோப்பையைப் பார்த்தாள்.

"உன் புத்தகத்துல நான் எப்படி?"

"மோசம்."

"ரொம்பவா?"

"ரொம்ப."

"மீசையாவது நல்லா இருக்கா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மாற்றி எழுது என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தாள். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பாள். அவன் டீயை முழுக்கக் குடித்தான். "நீ நல்லா எழுதுவேன்னு எனக்கு எப்பவும் தெரியும்" என்று சொல்லித் தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கினான்.

தெருமுனையில் அவன் டாக்சியைக் கைகாட்டி நிறுத்தும்போது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. தலையில் தொப்பியில்லாமல், வீட்டுச் செருப்போடு லெட்டிஸ் ஓடிவந்தாள். எதிர்வீட்டுப் படியில் நின்ற இரண்டு சீமாட்டிகள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். கையெழுத்துப் பிரதியிலிருந்து உருவிய ஓட்டல் அத்தியாயத்தின் பன்னிரண்டு பக்கங்களை அவன் கோட்டுக்குள் திணித்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல், குனிந்தபடியே, கோட்டுப் பித்தான்களை ஒவ்வொன்றாக மேல்வரை போட்டுவிட்டாள்.